மழைக்குப் பிறகு வந்த காற்று

மூன்று தீக்குச்சிகள் அணைந்துபோயின. நாலாவது பிடித்தது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

அந்தக் கைதட்டலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில், புத்தம்புதிய வீடொன்றின் பின்வளவில், சேற்றுக்குள் செருப்புப் புதைய நின்றுகொண்டு, ஒரு கிழவர் நெருப்பு மூட்டிவிட்டார் என்பதற்காகக் கைதட்டிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. கிழவர் என்று நான் சொல்லலாம். அவர் என்னுடைய அண்ணை. வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

சித்திரை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. முதல்நாள் பின்னேரம் இடி மின்னலோடு மழை கொட்டியிருந்தது. காலையில் வானம் கழுவித் துடைத்த மாதிரி நீலமாக இருந்தது. ஒரு முகில்கூட இல்லை. ஆனால் காற்று! வீடு குடிபூரல் நடத்த வந்த ஐயரின் குடுமி அவிழ்ந்து அவருடைய முகத்திலேயே அடித்தது. அண்ணையின் மருமகள் ஷாலினி போட்ட கோலம், அவள் போட்டு முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு வளவுக்குக் குடிபோய்விட்டது.

அண்ணை பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூன்று செங்கல்லுக்கு முன்னால் குந்தியிருந்தார். கல்லின் மேல் பால் பானை. கீழே அவர் பார்த்துப் பார்த்து அடுக்கிய விறகு.

"பாத்தியே பவானி, பிடிச்சிட்டுது!" என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

எழுபதை எட்டப்போகிற மனிதரின் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு, "அண்ணை, நெருப்பை நூத்துவிடுங்கோ" என்று சொல்ல எந்தத் தங்கைக்கு மனம் வரும்? எனக்கு வரவில்லை. அதுதான் பிழை.

மூன்று கல்

அண்ணை கனடாவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் எத்தனையோ வீடு மாறிவிட்டார். எல்லாம் வாடகை வீடு. ஒவ்வொரு தடவையும் குடிபூரும்போது பால் காய்ச்சுவோம். மின்சார அடுப்பில் பானை இருக்கும். ஒருவர் பாலைப் பார்ப்பார், இன்னொருவர் கதிரையில் ஏறிநின்று புகை அலாரத்துக்குக் கீழே துவாயை வீசிக்கொண்டிருப்பார். அலாரம் அடித்தால் முழுக் கட்டடமும் படியிறங்கி வீதிக்கு வரும். ஒருமுறை அப்படி வந்தும் இருக்கிறது.

"சொந்த மண்ணில மூண்டு கல்லு வைச்சு, விறகில ஒருக்காப் பால் பொங்கவேணும். அதுக்குப்பிறகு எனக்கு ஒண்டும் வேண்டாம்." இதை அண்ணை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எனக்குக் கணக்கில்லை. அண்ணி இருந்தபோதும் சொன்னார், அண்ணி போனபிறகும் சொன்னார்.

ஆகவே அவருடைய மகன் கஜன் வீடு தேடத் தொடங்கியபோது வளவோடு தேடினான். வளவு வேண்டுமென்றால் கிழக்கே போகவேண்டும். கிழக்கே போய்ப் போய் விட்பியில் நின்றான். இன்னும் வேலியடிக்காத, புல் பதிக்காத புதுக் குடியிருப்பு. வீட்டுக்குப் பின்னால் வெறும் களிமண். களிமண் முடிகிற இடத்தில், போன வருஷத்துப் புல் இடுப்பளவுக்குச் செத்துக் கிடக்கிற பெரிய வெளி. பனி இப்போதுதான் உருகிப் போயிருந்தது. பச்சை இன்னும் தலைகாட்டவில்லை. எல்லாம் ஒரே வைக்கோல் நிறம்.

கீழ்த்தட்டில் அண்ணைக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். படியேறத் தேவையில்லை. யன்னலைத் திறந்தால் வளவு.

எனக்கு அந்த வீட்டில் பிடிக்காதது அந்த ஒரு அறைதான்.

அண்ணை மகனோடு ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார். பின்னேரம் ஆனால் வந்துவிடுவார். வந்து என்ன செய்வார் என்றால் ஒன்றுமில்லை. தேத்தண்ணி குடிப்பார், நான் போட்ட தேத்தண்ணியில் குறை சொல்வார், என்னுடைய தொலைக்காட்சியில் தன்னுடைய செய்தியைப் பார்ப்பார், போய்விடுவார். என் கணவர் இறந்தபிறகும், மகள் கல்யாணம் முடித்து றிச்மண்ட் ஹில்லுக்குப் போனபிறகும், என் வீட்டுக் கதவை ஒவ்வொரு நாளும் தட்டிய ஒரே ஆள் அவர்தான். விட்பிக்குப் போனால் அந்தக் கதவு தட்டப்படாது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, எனக்கு நெடுஞ்சாலையில் ஓட்டப் பயம்.

இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. வீடு வாங்கியிருக்கிறார்கள், சந்தோஷமான விஷயம், அதற்குள் நான் என்ன ஒப்பாரி வைப்பது?

ஒரு கோட்

சொல்லாமல் விடுவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல.

நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறது. பனி கொட்டுகிற மாரிகாலம். விமான நிலையத்துக்கு அண்ணைதான் வந்தார். அப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கட்டிப்பிடித்தபோது வெங்காயமும் சவர்க்காரமும் மணந்தது. என்னைக் கண்டதும் தன்னுடைய கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார்.

"உங்களுக்கு?"

"எனக்குக் குளிராது. பழகீட்டுது."

சேர்ட்டோடு பஸ்ஸுக்கு நின்றார். பல்லுக் கிடுகிடுக்கிற சத்தம் எனக்குக் கேட்காமலிருக்க வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டே நின்றார். அடுத்த மூன்று நாள் காய்ச்சல். இரண்டாவது கோட் அவரிடம் இல்லை என்பதை, பல வருஷத்துக்குப் பிறகு அண்ணிதான் சொன்னா.

இப்படிப்பட்ட மனிதரின் தங்கை நான். எனக்கும் அதே நோய்தான்.

மிளகாய் காய்கிற காற்று

நான் வருஷம் தவறாமல் மோர் மிளகாய் போடுகிறவள். நான் எழுதிவரும் இந்தத் தொடரில் என் சமையலைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பீற்றிக்கொண்டுவிட்டேன். இன்றைக்கு அது கதைக்குத் தேவை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் மிளகாயைக் காயவைப்பது வெயில். ரொறன்ரோவில் காயவைப்பது காற்று. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருஷம் பிடித்தது. ஆடி மாதத்து வெயில் கொளுத்துகிற நாளில் மிளகாயை வெளியில் வைத்துப் பாருங்கள், வியர்த்துக்கொண்டு கிடக்கும். இரண்டாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். ஏனென்றால் அந்த வெக்கையில் அவ்வளவு ஈரம்.

ஆனால் வசந்தத்தில் ஒரு காற்று வரும். முதலில் ஒருநாள் தெற்கிலிருந்து புழுக்கமாக வீசும். எல்லோரும் கோடை வந்துவிட்டதென்று கையில்லாச் சட்டை போடுவார்கள். பின்னேரம் இடியோடு ஒரு மழை. மழை போன கையோடு காற்று திசை மாறி வடமேற்கிலிருந்து அடிக்கும். குளிர் முகப்பு கடந்து போகிறது என்று வானொலியில் சொல்வார்கள். அடுத்தநாள் பளிச்சென்ற நீலவானம், குளிர், உதடு வெடிக்கிற வறட்சி. கதவுக் கைபிடியைத் தொட்டால் சுள்ளென்று மின்சாரம் அடிக்கும்.

அந்த நாள்தான் மிளகாய்க்கு நாள். குளிராக இருக்கிறதே என்று நினைப்பீர்கள். குளிர் பிரச்சினை இல்லை. அந்தக் காற்று தொட்டதையெல்லாம் உறிஞ்சி எடுக்கும். அடுத்த வளவுச் சீனத்துப் பெண்ணும் அன்றைக்குத்தான் கீரையைக் கொடியில் தொங்கவிடுவாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. வேலிக்கு மேலால் வானத்தைக் காட்டித் தலையாட்டிக்கொள்வோம். வானிலை அறிக்கை அவ்வளவுதான்.

குடிபூரல் அன்று விடிய ஆறு மணிக்கே நான் தட்டை வெளியில் வைத்து வலை போட்டுவிட்டுத்தான் குளிக்கப் போனேன். எட்டரைக்குக் கார் வந்தபோது ஒரு மிளகாயை எடுத்துப் பார்த்தேன். முதல்நாள் தோல் மாதிரி வளைந்தது, இப்போது விரலுக்குள் நொறுங்கியது. அடடா, என்ன அருமையான காற்று என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

ஒருபக்கத்து மூளை மட்டும்தான் அன்றைக்கு வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது

விட்பியில் போய் இறங்கியதும் மற்றப்பக்கத்து மூளை விழித்தது. பின்வளவின் ஓரத்துக்குப் போய், அந்தப் பெரிய வெளியிலிருந்த புல் ஒன்றை முறித்தேன். டக்கென்று முறிந்தது. கசக்கினேன், தூளாகக் காற்றில் போய்விட்டது. என் செருப்பில் சேறு அப்பிக் கிடந்தது. நிலம் நனைந்திருந்தது, நிலத்துக்கு மேலே நின்ற புல் மிளகாய் மாதிரிக் காய்ந்திருந்தது.

அண்ணை விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு பை நிறையச் சிரட்டை, ஒட்டியிருந்த தும்புநாரோடு. ஒரு வருஷமாக வெள்ளிக்கிழமைகளில் உடைத்த தேங்காய்களின் சிரட்டையை எல்லாம் கஜனுக்குத் தெரியாமல் கராஜுக்குள் சேர்த்து வைத்திருந்தாராம், இந்த ஒரு நெருப்புக்காக.

காற்றுக்கு மறைப்பாக ஒரு ஒட்டுப்பலகையை நட்டிருந்தார். அதை நட்டது முதல்நாள் மத்தியானம். அப்போது காற்று தென்மேற்கிலிருந்து வந்தது, பலகையும் தென்மேற்கைப் பார்த்து நின்றது. இப்போது காற்று வடமேற்குக்கு மாறி, வீட்டு மூலையைச் சுற்றிக்கொண்டு, பலகையே இல்லாத பக்கத்தால் வந்து கல்லுக்குள் புகுந்தது.

"அண்ணை, காத்து..." என்று தொடங்கினேன்.

"காத்துத்தானே. மழை பெஞ்சு நிலமெல்லாம் ஊறிப்போய்க் கிடக்கு. எங்கட ஊரில எண்டால் இப்பிடி மழைக்கு அடுத்தநாள்தான் வளவுக் குப்பை கொளுத்துவினம்."

அது உண்மை. எங்கள் ஊரில் மழைக்குப் பிறகு வருகிற காற்றிலும் ஈரம் இருக்கும். கடல் சூழ்ந்த இடம். இங்கே மழைக்குப் பிறகு வருகிற காற்று எங்கோ வடக்கே உறைந்து கிடக்கிற நிலத்திலிருந்து வருகிறது. அண்ணையின் அறிவில் பிழையில்லை. அந்த அறிவு வேறு ஊருக்கானது.

நான் இன்னொரு தடவை வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற ஒரு மாமி என் கையை அழுத்தினா. "நல்ல நேரத்தில உதென்ன கதை?" என்றா மெல்ல.

அதோடு சரி. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் நெருப்புப் பிடிக்கும், எரிந்து போகும் என்று வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் சொன்னவளின் நாக்கில்தான் பழி. அதிலும் நான் கணவனை இழந்தவள். முன்வரிசையில் வந்து நில் என்று அண்ணை கையைப் பிடித்து இழுத்து வந்ததே பெரிய விஷயம். அங்கே நின்றுகொண்டு அபசகுனமாக வாய் திறப்பேனா?

பிறகுதான் தெரிந்தது, தெரிந்தவள் நான் மட்டுமல்ல. இன்றைக்கு வெளியில் நெருப்பு மூட்டவேண்டாம் என்று கஜனுடைய தொலைபேசிக்குக் காலையிலேயே அறிவித்தல் வந்திருந்தது. அவன் பார்த்துவிட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டான். அப்பாவின் முகத்தைப் பார்த்தபிறகு சொல்ல ஏலாமல் போய்விட்டதாம். ஐயர், கற்பூரமே நிற்காத காற்றில் விறகு எதற்கு என்று நினைத்தாராம், வீட்டுக்காரரின் ஆசை என்று பேசாமல் இருந்துவிட்டாராம். ஷாலினி தன் கோலம் பறந்ததைப் பார்த்தே பயந்திருக்கிறாள். புதுமருமகள், அவள் எங்கே சொல்ல?

இப்படி அண்ணையின் மேல் அன்பு வைத்திருந்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு வட்டமாக நின்றோம். நாலாவது குச்சி பிடித்ததும் கைதட்டினோம்.

சால்வை

பால் நுரைக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தால் பொங்கியிருக்கும்.

ஒரு பெரிய காற்று வந்தது. கல்லுக்குள்ளிருந்து தும்பு ஒன்று சிவப்பாக எழும்பி, தும்பி மாதிரி எங்கள் தலைக்கு மேலால் போய், புல்வெளிக்குள் விழுந்தது. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சின்னப் புகை. அதற்குப் பிறகு யாரோ துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். புல் பிடித்துவிட்டது.

நெருப்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. நல்லகாலம், காற்று வீட்டிலிருந்து வெளியை நோக்கி அடித்தது. கெட்டகாலம், வெளியின் அந்தப் பக்கத்தில் இன்னொரு வரிசை வீடுகள் இருந்தன. தெருவுக்கு விளையாட வந்த பிள்ளைகளின் சைக்கிள்கள்கூட எங்களுக்குத் தெரிந்தன.

கஜன் அவசர இலக்கத்துக்கு அழைத்தான். ஷாலினி தண்ணீர்க் குழாயைத் திறக்க ஓடினாள். வெளிக்குழாய் மாரிக்கு உள்ளே பூட்டியபடியே இருந்தது. ஐயர் கும்பத்துத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடியதை என் கண்ணால் கண்டேன். ஒரு செம்புத் தண்ணீர்! பாவம், அவரிடம் இருந்தது அதுதான்.

அண்ணையைக் காணவில்லை.

பார்த்தால் அவர் புல்வெளிக்குள் நிற்கிறார். பட்டுவேட்டியைத் தொடைக்கு மேலே சொருகிக்கொண்டு, தோளில் கிடந்த சால்வையைச் சேற்றில் தோய்த்து, நெருப்பின் விளிம்பில் அடி அடியென்று அடித்துக்கொண்டிருக்கிறார். புகைக்குள் அவர் தெரிவதும் மறைவதுமாக இருந்தது.

"அண்ணை, வாங்கோ! இஞ்சால வாங்கோ!"

அவருக்குக் கேட்கவில்லை. நான் போனேன். சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் முழங்காலில் இருக்கிற வருத்தத்தையெல்லாம் மறந்து போனேன். அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். வரமாட்டேன் என்றார். முகம் கறுத்து, இமைமயிர் பொசுங்கி, சின்னப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டு நின்றார்.

"அங்கால பிள்ளையள் நிக்குதுகள் பவானி. நான் என்ன செய்துபோட்டன்!"

கஜனும் நானும் சேர்ந்துதான் அவரை இழுத்து வந்தோம். அதற்குள் சைரன் கேட்டது. வெளியின் நடுவில் கட்டட லொறிகள் ஓடுகிற கல்லுப்பாதை ஒன்று இருந்தது. நெருப்பு அதுவரை போய்த் தயங்கியது. தயங்கிய அந்த இடைவெளியில் தீயணைப்பு வண்டிகள் அந்தப் பக்கமாக வந்து மறித்துவிட்டன. ஒரு வீடும் எரியவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணையின் விரல்களில் மட்டும் கொப்புளம்.

தீயணைப்புப் பெண் ஒருத்தி தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு எங்களிடம் வந்தாள். நெருப்பை மூட்டியது யார் என்று கேட்டாள்.

"நான்" என்றார் அண்ணை.

"நான்" என்றான் கஜன்.

"நான்" என்றேன் நான்.

ஐயரும் விடவில்லை. "நேரம் குறிச்சது நான்" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சிரிக்கவேண்டும் போல அவளுக்கு இருந்திருக்கவேண்டும், ஆனால் சிரிக்கவில்லை. அறிவித்தல் வந்ததுதானே என்று கண்டிப்பாகக் கேட்டாள். நேற்று மழை பெய்ததே என்று அண்ணை தழுதழுத்தார். அவள் குனிந்து எரியாத புல்லொன்றைப் பிடுங்கி அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். மழை நிலத்துக்குள் போய்விடும், இப்படிச் செத்த புல் இந்தக் காற்றில் ஒருமணித்தியாலத்தில் காய்ந்துவிடும், குளிர் முகப்பு கடந்துபோன அடுத்தநாள்தான் தங்களுக்கு இந்த மாதிரி வேலை வருகிறது என்று நிதானமாகச் சொன்னாள். அண்ணை அந்தப் புல்லைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

பால் பானை சேற்றில் கவிழ்ந்து கிடந்தது.

அவள் போனபிறகு அண்ணை பின்வாசல் படியில் இருந்தார். நான் அவருடைய விரலுக்குப் பஞ்சு வைத்துச் சுற்றினேன். கஜன் தன் தொலைபேசியை எடுத்து அந்த அறிவித்தலைக் காட்டினான். நான் மிளகாயைச் சொன்னேன். ஐயர் கற்பூரத்தைச் சொன்னார். அண்ணை எல்லாவற்றையும் கேட்டார்.

"அப்ப எல்லாருக்கும் தெரியும்?"

கஜன் தொலைபேசியைத் திரும்பப் பொக்கற்றுக்குள் வைத்தான்.

"எனக்கு மட்டும் தெரியாது" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டாவது பால்

அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு மேல் அண்ணை என் வீட்டுப் பக்கம் வரவில்லை. தெருவில் சனம் கேட்குமென்று வெட்கம். நான் போனால் நித்திரை என்று கஜன் சொல்வான். அவர் பகலில் நித்திரை கொள்கிற ஆளில்லை. இனி விட்பிக்குப் போனபிறகு இதுதான் வழக்கமாகப் போகிறது என்று எனக்கு விளங்கியது. தட்டாத கதவைப் பார்த்துக்கொண்டு இருந்து பழகுகிறேனாக்கும் என்று என்னையே நக்கலடித்துக்கொண்டேன். அழவும் செய்தேன்.

வைகாசியில் இன்னொரு நல்லநாள் பார்த்தார்கள். இந்தமுறை வீட்டுக்குள், மின்சார அடுப்பில், கூட்டமில்லாமல். அண்ணை, கஜன், ஷாலினி, ஐயர், நான். வெளியே மெல்லிய தூறல். யன்னலால் பார்த்தால் புல்வெளி முழுக்கப் பச்சை பிடித்திருந்தது. எரிந்த துண்டுதான் எல்லாவற்றையும் விடக் கூடுதல் பச்சை.

ஐயர் மணியடித்தார். பானை அடுப்பில் இருந்தது. அண்ணை அடுப்பின் திருகில் கையை வைத்தார், எடுத்தார், எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஆருக்கும் ஏதும் சொல்ல இருந்தா இப்ப சொல்லுங்கோ. நல்லதோ கெட்டதோ. நீங்கள் சொன்னாப்பிறகுதான் நான் அடுப்பைப் போடுவன்."

ஐயர் திடுக்கிட்டுவிட்டார். அவர் நடத்திய எத்தனையோ குடிபூரல்களில் இப்படி ஒரு கட்டம் வந்திருக்காது.

"மாமா," என்றாள் ஷாலினி, "நீங்கள் கை வைச்ச அடுப்பு வேலை செய்யாது. நேற்றே தெரியும். நல்லநாளில எப்பிடிச் சொல்லுறதெண்டு..."

அண்ணை பானையை மற்ற அடுப்புக்கு மாற்றினார். "நல்லது. வேற?"

"பேஸ்மென்ற்ல தண்ணி கசியுது அப்பா" என்றான் கஜன்.

"வேற?"

"எனக்கு இன்னொரு வீட்டுக்கும் போகவேணும். கெதியாப் பாருங்கோ" என்றார் ஐயர்.

எல்லோரும் சிரித்தோம். அண்ணை என்னைப் பார்த்தார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ?"

என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த வாய் வேறொன்றைச் சொன்னது.

"நீங்கள் இந்த வீட்டுக்கு வாறது எனக்கு விருப்பமில்லை அண்ணை. நீங்கள் போனா நான் தனிச்சுப் போவன்."

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. கஜனுடைய வீட்டில், அவனுடைய அடுப்புக்கு முன்னால், நல்ல நேரத்தில். கஜனைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அண்ணையின் குரல் கேட்டது. என்னிடம் பேசவில்லை, மகனிடம் பேசினார்.

"தம்பி, நான் ஒண்டு சொன்னாக் கோவிக்கக்கூடாது. நீ ஆசையா எனக்கெண்டு அறையெல்லாம் கட்டி வைச்சிருக்கிறாய். இஞ்ச எனக்கு ஒருத்தரையும் தெரியாது. கடைக்கு நடந்துபோக ஏலாது. அஜின்கோர்ட்டை விட்டிட்டு வர எனக்கு ஒருநாளும் விருப்பம் இருந்ததில்லை."

"அப்பா!" கஜன் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் குந்திவிட்டான். "உங்களுக்கு வளவு வேணுமெண்டுதானே நான் இவ்வளவு தூரம் வந்தனான்! இனி ஒவ்வொரு நாளும் வேலைக்கு ட்ரெயின்ல எவ்வளவு நேரம் தெரியுமோ எனக்கு?"

"நீ வளவு வளவெண்டு நிண்டாய். பெடியன்ர ஆசை, கெடுக்கக்கூடாதெண்டு நான் பேசாமல் இருந்தன்."

"அப்ப எங்க இருக்கப்போறியள்?"

"இவளிட்ட ஒரு அறை சும்மாதானே கிடக்கு" என்றார் அண்ணை, என்னைக் கேட்காமலே.

ஷாலினி சிரிக்கத் தொடங்கினாள். கஜனும் தரையிலிருந்தபடியே சிரித்தான். அவனுடைய கண் மட்டும் சிரிக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். ஐயர் நேரத்தைப் பார்த்தார். அண்ணை திருகைத் திருப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். விரல்களில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக வளர்ந்திருந்தது. அந்தக் கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்தார், எனக்கு அறுபது வயதென்றும் பார்க்காமல்.

"உந்த ஒரு சொல்லைச் சொல்ல உனக்கு ஒரு வெளி எரியவேண்டிக் கிடந்ததேயடி?"

ஓம் என்றேன்.